செயலாளரின் ஆண்டறிக்கை 2023

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்கள் அனைவருக்கும் வணக்கம். பிராங்க்பர்ட் வட்டாரத்தில் இயங்கும் நம் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஜனவரியில் பொங்கல் விழாவும் ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டும் நடந்தன. ஜூலையில் கிரில் பார்ட்டி. தீபாவளியை, மண்டபம் கிடைத்த தேதியில், ஒரு வாரம் கழித்துக் கொண்டாடினோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடர்கிறது. செயற்குழு ஆறு முறை கூடியது; அதில் நான்கு முறை கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை, இருந்தது.

இனி செப்டம்பர் 2, சனிக்கிழமை, மான்ஹைம் தோட்டக் கண்காட்சிக்குப் போய்வந்த ஒருநாள் சுற்றுலா. இதைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜெர்மனியின் தேசியத் தோட்டக் கண்காட்சி, எல்லோரும் சொல்வதுபோல் 'பூகா', 1951இல் ஹனோவரில் தொடங்கியது. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நகருக்கு வருகிறது. இந்த முறை ஏப்ரல் 14 முதல் அக்டோபர் 8 வரை மான்ஹைமில். நம் வாசலுக்கே வந்த மாதிரி. இதை விட்டால் வேறு எப்போது? அதே சமயத்தில் ஃபுல்டாவில் மாநிலக் கண்காட்சியும் நடந்தது, அங்கே போயிருக்கலாமே என்று சிலர் பிறகு கேட்டார்கள். பிறகு கேட்டார்கள், கூட்டத்தில் கேட்கவில்லை.

"எல்லார் கையிலும் 49 யூரோ டிக்கெட் இருக்கும்போது பேருந்து எதற்கு?" என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். மாதம் முழுக்க நாடெங்கும் உள்ளூர் ரயில்களில் போக அப்போது 49 யூரோவுக்குக் கிடைத்த சீட்டு அது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்பது பெரியவர்கள், ஐந்து தள்ளுவண்டிகள், புளியோதரை நிரம்பிய எட்டு அலுமினிய ட்ரே. இவற்றோடு ரயிலேறி, பாதி வழியில் இணைப்பு வண்டியைத் தவறவிட்டு நடைமேடையில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு, அவருக்கு இல்லை. அதனால் 49 இருக்கைப் பேருந்தாக எடுத்தோம். பெயர் கொடுத்தவர்கள் 44. முன்பணம் கட்டியவர்கள் 19. "அங்கேயே தந்துடறேன் சார்" என்றவர்களை நம்பி நுழைவுச் சீட்டுகளையும் என் கார்டில் வாங்கினேன்.

காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து எட்டே கால் வரை நின்றது. வந்தவர்கள் 27. ஒரு வீட்டில் குழந்தைக்கு லேசாக ஜலதோஷம். ஒருவருக்கு அலுவலகத்தில் அவசர வேலை, சனிக்கிழமையில், ஜெர்மனியில். மற்றவர்கள் போனை எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் பல்லேகெலேயில் ஆசியக் கோப்பை இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் என்பது பேருந்தில் இருந்த ஒரு பையன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இந்தியா 266க்கு ஆல் அவுட், அப்புறம் மழை, பாகிஸ்தான் ஒரு பந்துகூட ஆடவில்லை, ஆட்டம் கைவிடப்பட்டது. இதில் எனக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கண்காட்சி இரண்டு இடங்களில்: ஸ்பினெல்லி, லூயிசன்பார்க் பூங்கா. ஸ்பினெல்லி என்பது முன்பு அமெரிக்க ராணுவ முகாமாக இருந்த இடம். கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, நகருக்குள் குளிர்ந்த காற்று புக வழியாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் முட்டுக்கொடுத்த மரக்கன்றுகளும் நீண்ட புல்வெளியுமாக அது கிடந்ததைப் பார்த்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ஓர் அம்மா, "பூ பாக்கலாம்னு சொல்லிப் பொட்டக்காட்டுல கொண்டுவந்து விட்டுட்டீங்களே தம்பி" என்றார். டேலியாப் பாத்தி வந்த பிறகுதான் என் உயிர் திரும்பியது. அந்த அம்மா ஒரு பூவின் அருகே விரித்த கையைக் கொண்டுபோய் அளந்து பார்த்தார். பூதான் பெரிது.

அங்கிருந்து லூயிசன்பார்க்குக்குக் கேபிள் கார், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், நெக்கர் ஆற்றின் மேலாக. ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தவரும் அதே அம்மாதான். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஆறு வரும்வரை கண்ணை மூடியிருந்தார். ஆற்றைக் கண்டதும், "இவ்வளவு தண்ணி ஓடுது, ஒரு வயலக் காணோமே" என்று பேச ஆரம்பித்தவர் இறங்கும்வரை நிறுத்தவில்லை. 1975 பூகா நடந்ததும் இதே பூங்காவில்தான். மரங்கள் வளர்ந்து நிழல் கட்டி நிற்கின்றன. ஸ்பினெல்லியில் முகம் சுளித்தவர்கள் இங்கே செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தார்கள். குளத்தில் மஞ்சள் படகுகள், துடுப்பும் இல்லை ஆளும் இல்லை, தண்ணீருக்கடியில் ஓடும் கம்பி மெதுவாக இழுத்துப் போகிறது. புல்லில் ஒரு நாரை நடந்து வந்தது. "செங்கால் நாரை!" என்று நம் தமிழ் வகுப்புப் பிள்ளை ஒன்று கத்தியது. ஆசிரியைகள் இருவரும் ஊதியமின்றி உழைப்பதற்கு அது ஒன்று போதும் என்று நினைக்கிறேன். அவர்கள் அப்படி நினைக்கிறார்களா என்று கேட்கவில்லை.

44 பேருக்குச் செய்த சாப்பாடு மிஞ்சியது. ஓட்டுநர் இரண்டு தட்டுப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு, "எரிகிறது, ஆனால் நன்றாக இருக்கிறது" என்றார். அடுத்த முறையும் அவரையே கேட்கலாம்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். இந்த ஏறக்குறையவுக்குள் சுற்றுலாவின் பற்றாக்குறையும் அடங்கும். பேருந்துக்காரருக்கு 27 பேர் வந்தாலும் 44 பேர் வந்தாலும் ஒரே வாடகைதான். விவரங்கள் பொருளாளரின் பைலில் உள்ளன. தணிக்கையாளர்கள் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார்கள். 61 குடும்பங்களில் 2023க்கான சந்தா கட்டியவை 34. பெயர் சொல்லும் வழக்கம் நம் சங்கத்தில் இல்லை. கட்டாத 27 குடும்பங்களில் சில, தீபாவளி விருந்தில் பாயசம் போதவில்லை என்று எழுத்து மூலம் புகார் தந்துள்ளன என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மண்டபம் தந்த நகராட்சிக்கும், ஒலிபெருக்கி தந்த நண்பருக்கும், சமையல் குழுவினருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி. எட்டு ட்ரேயில் ஐந்துக்கான புளிக்காய்ச்சலைத் தனியாளாகச் செய்த என் மனைவிக்கும்.

2024இல் பூகா கிடையாது. 2025இல் ராஸ்டாக்கில் நடக்க இருந்ததையும் கைவிட்டுவிட்டார்கள். நெதர்லாந்தின் கொய்க்கன்ஹோஃப் துலிப் தோட்டம் 2024இல் மார்ச் 21 முதல் மே 12 வரை திறந்திருக்கும். சுமார் 70 லட்சம் கிழங்குகள் நடுகிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ஏறினால்தான் அன்றே திரும்ப முடியும். நான்கு மணிக்கு நம்மில் எத்தனை பேர் வருவார்கள் என்று கணிக்கும் திறமை எனக்கு இல்லை. ஆகவே புதிய செயலாளரைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை; யாரும் முன்வராவிட்டால் பார்க்கலாம். யாராக இருந்தாலும், பிப்ரவரி முடிவதற்குள் பணம் கட்டிய தலைகளை மட்டும் எண்ணிப் பேருந்து சொல்லட்டும்.

சந்தா பாக்கியை இன்றே பொருளாளரிடம் தரலாம், கதவருகே உட்கார்ந்திருக்கிறார். பேருந்தில் விட்டுப்போன இளஞ்சிவப்புத் தண்ணீர் பாட்டிலும் ஒரு டிபன் பாக்ஸ் மூடியும் நான்கு மாதமாக என் வீட்டில் இருக்கின்றன.

செயலாளர்