அப்பாவுடன் நடந்த அந்த அம்மாவுக்கு

நேற்று மாலை எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அப்பா என் கையை உதறினார். இதுதான் வீடு என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். வழியே சென்ற நீங்களோ, "உங்கள் வீடு எப்படி இருக்கும், ஐயா?" என்று கேட்டபடி அவரோடு நடந்தீர்கள். அவருடைய அம்மா, தம்பி, உடைந்த மாடிப்படி எல்லாம் பேச்சில் வந்தன. திரும்பியபோது அவராகவே உள்ளே நுழைந்தார்.

அல்சைமர் நோய், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்குகிறது. பழைய நினைவுகள் நெடுநாள் தங்குகின்றன. அந்தி சாய்ந்தால் பலருக்குக் குழப்பம் கூடும். இவையெல்லாம் தெரிந்தும் மூன்று ஆண்டுகளாக அவரோடு வாதாடியிருக்கிறேன்.

புறப்படும்போது, "நீ தூங்கினாயா, அம்மா?" என்று என்னைக் கேட்டீர்கள். எல்லோரும் அப்பாவைப் பற்றித்தான் கேட்பார்கள். உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மிக்க நன்றி, அம்மா. இன்று மாலை நானும் அப்பாவும் அந்த மாடிப்படியைப் பற்றிப் பேசினோம்.