எங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம்: திபெத்துக்காக ஒரு கேள்வி கேளுங்கள்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன். சாலை, குடிநீர், ரயில் நிறுத்தம், முதியோர் பென்ஷன் என்று உங்கள் மேஜையில் மனுக்கள் குவிந்து கிடக்கும். இதுவும் ஒரு மனுதான். ஆனால் இதைக் கேட்கிறவர்களுக்கு நம் தொகுதியில் ஓட்டு கிடையாது. அதனால் அவர்களுக்காக நான் எழுதுகிறேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், மழை ஓய்ந்து பனி இறங்கும் நேரத்தில் ஸ்வெட்டர் கடைகள் போடுவார்களே, பார்த்திருப்பீர்கள். ‘நேபாளிக் கடை’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். அவர்கள் நேபாளிகள் இல்லை, ஐயா. திபெத்தியர்கள். மைசூருக்கு அப்பால் இருக்கும் பைலகுப்பே குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். லூதியானாவில் கடனுக்குச் சரக்கு எடுத்து, இரண்டு மூன்று மாதம் இங்கே தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து விற்று, கடனை அடைத்துவிட்டு, அவர்களுடைய புத்தாண்டான லோசாருக்கு ஊர் திரும்புவார்கள்.

வருடா வருடம் நான் போகிற கடையில் ஒரு அக்கா இருக்கிறார். போன முறை அவருடைய பேத்தி, ஸ்வெட்டர் மூட்டைமேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். என்ன பாப்பா எழுதுகிறாய் என்றேன். வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்: க, க, க, ங. நம் காதுக்கு முதல் மூன்றும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அவர்களுக்கு அவை மூன்று வெவ்வேறு எழுத்துகள். அடுத்த வரிசை ‘ஞ’-வில் முடிந்தது. அதற்கடுத்தது ‘ந’-வில். நம் பிள்ளைகள் படிக்கிற அதே ஒழுங்கு. திபெத்திய எழுத்து ஏழாம் நூற்றாண்டில் இந்திய எழுத்தைப் பார்த்து உருவானது என்று படித்திருக்கிறேன். ஒரு குழந்தையின் நோட்டில் அதை நேரில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

‘ங’ என்றால் என்ன தெரியுமா என்று அவளே கேட்டாள். நமக்கு ‘ங’-வில் தொடங்கும் சொல் ஒன்றுகூடச் சட்டென்று நினைவுக்கு வராது. திபெத்திய மொழியில் அந்த ஒற்றை எழுத்தே ஒரு சொல். ‘நான்’ என்று பொருள். ‘ஞ’ என்றால் மீன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இந்தக் குழந்தை நம் ஊர் மைதானத்தில் உட்கார்ந்து தைரியமாகப் படிக்கிற இந்த எழுத்தை, திபெத்துக்குள்ளே இருக்கும் குழந்தைகளிடமிருந்து சீன அரசாங்கமே பிரித்துக்கொண்டிருக்கிறது. சுமார் பத்து லட்சம் திபெத்தியக் குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து உறைவிடப் பள்ளிகளில் சீன மொழியில் படிக்க வைக்கப்படுகிறார்கள் என்று 2023 பிப்ரவரியில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள் மூவர் கவலை தெரிவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14-ம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றம் இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. தாய்மொழியில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்ட டாஷி வாங்சுக் என்ற கடைக்காரருக்கு 2018-ல் ஐந்தாண்டுச் சிறை விதித்தார்கள். அவர் கேட்டது சீனாவின் சொந்த அரசியல் சட்டமே தருவதாகச் சொல்லும் உரிமையை.

தீர்மானத்தால் என்ன ஆகிவிடும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது திபெத் இல்லை, லிதுவேனியாவும் லாட்வியாவும்.

திபெத்துக்காக உலக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடும் மாநாடு ஒன்று இருக்கிறது. முதல் மாநாடு 1994 மார்ச்சில் நம் டெல்லியில்தான் நடந்தது. அடுத்த ஆண்டே இரண்டாவது மாநாட்டைத் தன் தலைநகர் வில்னியஸில் கூட்டியது லிதுவேனியா. 2019-ல் லாட்வியாவின் ரீகாவில் கூடினார்கள். மொத்த ஜனத்தொகை நம் சென்னையைவிடக் குறைவாக உள்ள நாடுகள் இவை. இமயமலைக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. 1940-ல் சோவியத் யூனியன் லிதுவேனியா, லாட்வியா, எஸ்தோனியா மூன்றையும் விழுங்கியது. அதே ஆண்டு ஜூலை 23-ம் தேதி, இதை நாங்கள் ஏற்க மாட்டோம் என்று அமெரிக்கா ஓர் அறிக்கை விட்டது. அவ்வளவுதான். படை போகவில்லை, குண்டு விழவில்லை. ஐம்பது ஆண்டுகள் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் வாஷிங்டனில் லிதுவேனியாவின் தூதரகத்தை மட்டும் யாரும் மூடவில்லை. வரைபடத்தில் நாடு இல்லை, தூதரகம் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் வயதாகிச் செத்தார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள். 1983-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்த மூன்று நாடுகளுக்காக ஒரு தீர்மானம் போட்டது. அன்றைக்கு அதையும் ஏட்டுச் சுரைக்காய் என்றுதான் பலர் சொல்லியிருப்பார்கள். 1990 மார்ச்சில் லிதுவேனியா எழுந்து நின்று, நாங்கள் புதிதாகப் பிரிந்து போகவில்லை, எங்களுடையதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றபோது, அந்த வார்த்தைக்குப் பின்னால் ஐம்பது வருடத் தாள்கள் சாட்சியாக நின்றன. 1991 பிப்ரவரியில், பெரிய நாடுகள் தயங்கிக்கொண்டிருந்தபோது, குட்டி ஐஸ்லாந்தின் நாடாளுமன்றம் முதலில் கையைத் தூக்கியது.

வில்னியஸில் இன்று ‘திபெத் சதுக்கம்’ என்று ஓர் இடம் இருக்கிறது. எழுதி வைத்த சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு வாழ்ந்து தெரியும், ஐயா.

நம் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சீனப் படை திபெத்துக்குள் நுழைந்த பிறகு, 1950 நவம்பரில் திபெத்துக்காக ஐ.நா.வில் முதன்முதலில் குரல் கொடுத்தது எல் சால்வடோர் என்ற குட்டி நாடு. பேசித் தீர்த்துக்கொள்வார்கள், இப்போது வேண்டாம் என்று அதைத் தள்ளிப்போடச் சொன்னவர்களில் நாமும் உண்டு. 1959-ல் தலாய் லாமா நம் மண்ணுக்கு வந்து சேர்ந்த பிறகு, அயர்லாந்தும் மலாயாவும் சேர்ந்து பொதுச்சபையில் தீர்மானம் கொண்டுவந்தன. மலாயா விடுதலை அடைந்து அப்போது இரண்டே வருடம். அயர்லாந்தின் வெளியுறவு அமைச்சர் ஃபிராங்க் ஐக்கன், தன் நாட்டு விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தியவர். ஆதரவு 45, எதிர்ப்பு 9, நடுநிலை 26. நாம் அந்த 26-ல் இருந்தோம். 1961-ல் வந்த இரண்டாம் தீர்மானம் திபெத்தியரின் சுயநிர்ணய உரிமையைச் சொன்னது. 1965-ல் மூன்றாவது தீர்மானம் வந்தபோதுதான் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இடையில் 1962 போர் நடந்திருந்தது. நமக்கு அடிபட்ட பிறகுதான் அவர்கள் வலி நமக்குத் தெரிந்தது.

நாடாளுமன்றத்தில் பேசுகிற பேச்சு திபெத்துக்குள் போய்ச் சேருமா? சேரும். 1987 செப்டம்பர் 21-ம் தேதி அமெரிக்க நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் குழுவின் முன் தலாய் லாமா பேசினார். அந்தக் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர் டாம் லாண்டோஸ், ஹங்கேரியில் நாஜிகளிடமிருந்து உயிர் தப்பிய யூதர். அங்கேதான் தலாய் லாமா தன் ஐந்து அம்சத் திட்டத்தை வைத்தார். சரியாக ஆறு நாள். செப்டம்பர் 27-ம் தேதி டிரெபுங் மடத்துத் துறவிகள் திபெத்தின் தலைநகர் லாசாவின் கடைத்தெருவில் கொடியோடு வலம் வந்தார்கள். கைது செய்யப்பட்டார்கள். அக்டோபர் 1-ம் தேதி மக்கள் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின.

இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்தின் இன்னொரு மூலையில், பாதுகாப்பான மண்டபத்தில் உட்கார்ந்து நாம் தருகிற ஆதரவுக்கு அங்கே இருக்கிறவர்கள் விலை கொடுக்கிறார்கள். ஆகவே பொழுதுபோக்காகப் பேசக் கூடாது. பேசினால் அடுத்த வருடமும் பேச வேண்டும், அதற்கடுத்த வருடமும் பேச வேண்டும். அமெரிக்காவின் பழைய கணக்கு இதில் நல்ல பாடம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் திபெத்தியப் போராளிகளுக்கு ரகசியமாக ஆயுதம் கொடுத்தார்கள். சீனாவோடு உறவு வேண்டியிருந்தபோது கையை விரித்தார்கள். இன்று அவர்கள் போட்டிருக்கும் சட்டங்கள் நல்ல சட்டங்கள்தான். தலாய் லாமாவின் வாரிசு விஷயத்தில் தலையிடும் சீன அதிகாரிகள்மேல் நடவடிக்கை எடுக்க 2020-ல் ஒரு சட்டம். திபெத் தொன்றுதொட்டுச் சீனாவின் பகுதி என்ற வாதத்தை மறுத்து 2024 ஜூலையில் இன்னொரு சட்டம். ஆனால் அவற்றுக்குப் பின்னால் சீனாவோடு உள்ள போட்டியும் இருக்கிறது. போட்டியால் வருகிற ஆதரவு போட்டி தீர்ந்ததும் போய்விடும். அறுபது வருடத்துக்கு மேல் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர்கள் தருகிற ஆதரவு வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

நம் நாடாளுமன்றத்திலும் திபெத்துக்கான அனைத்துக் கட்சிக் குழு ஒன்று உண்டு. எம்.சி. சாக்ளா 1970-ல் தொடங்கியது. 2021 டிசம்பரில், நாடு கடந்த திபெத்திய நாடாளுமன்றத்தினர் டெல்லியில் கொடுத்த ஒரு விருந்துக்கு அந்தக் குழுவைச் சேர்ந்த எம்.பி.க்கள் சிலர் போனார்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் இருந்தன. சாப்பிட்டார்கள், பேசினார்கள், திரும்பினார்கள். சில நாளில் சீனத் தூதரகத்திலிருந்து அவர்களுக்குக் கடிதம் வந்தது, திபெத்தியருக்கு ஆதரவு தருவதைத் தவிருங்கள் என்று. இந்திய எம்.பி.க்கு இப்படி எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று குழுவின் அமைப்பாளர் சுஜித் குமார் திருப்பிக் கேட்டார். எம்.பி.க்கள் பேசி ஒன்றும் ஆகாது என்றால், ஒருவேளைச் சாப்பாட்டுக்கு எதற்கு ஐயா அவ்வளவு பதற்றம்?

நீங்கள் அந்தக் குழுவில் சேர வேண்டும். இது என் முதல் வேண்டுகோள்.

அரசின் வெளியுறவுக் கொள்கைக்கு எதிராகப் போக முடியாதே என்று தயங்க வேண்டாம். 1954-ல் நேரு காலத்திலும் 2003-ல் வாஜ்பாய் காலத்திலும் திபெத்தைச் சீனாவின் பகுதி என்று நாம் ஒப்புக்கொண்டது எனக்கும் தெரியும். தலாய் லாமா கேட்பதும் தனி நாடு இல்லை. சீனாவுக்குள்ளேயே உண்மையான தன்னாட்சி வேண்டும், மொழியும் மதமும் பிழைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நடுவழி. 2002 முதல் 2010 ஜனவரி வரை அவருடைய தூதர்கள் சீனாவோடு ஒன்பது சுற்றுப் பேசினார்கள். பிறகு பேச்சு நின்றது. மறுபடி பேசுங்கள் என்று சொல்வதற்கு எந்தக் கொள்கையும் தடையாக இருக்க முடியாது.

இரண்டாவது வேண்டுகோள், ஒரு கேள்வி. எழுத்துப்பூர்வமான பதில் கேட்கும் சாதாரணக் கேள்வி போதும். கெதுன் சோக்கி நியிமா என்ற பையன் 1989 ஏப்ரல் 25-ல் பிறந்தவன். 1995 மே மாதம் தலாய் லாமா அவனை, திபெத்திய பௌத்தத்தில் தனக்கு அடுத்த நிலையில் உள்ள பஞ்சன் லாமாவின் மறுபிறவியாக அறிவித்தார். மூன்றே நாளில் குடும்பத்தோடு சீன அதிகாரிகள் கொண்டுபோனார்கள். அப்போது வயது ஆறு. இன்றுவரை வெளியார் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. அவரைப் பற்றி இந்திய அரசு சீனாவிடம் கேட்டதா, எப்போது கேட்டது, என்ன பதில் வந்தது? இவ்வளவுதான் கேள்வி. தலாய் லாமாவின் மறுபிறவியை அடையாளம் காண்பதில் பஞ்சன் லாமாவுக்குத் தொன்றுதொட்டு இடம் உண்டு. அந்த இடத்தில் சீன அரசு தன் ஆளை உட்கார வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் தலாய் லாமாவுக்குத் தொண்ணூறு வயது நிறைந்தது. தனக்குப் பிறகும் இந்த மரபு தொடரும், அடுத்தவரை அடையாளம் காணும் உரிமை தன் அறக்கட்டளைக்கே என்று அவர் சொல்லிவிட்டார். அந்த நாள் வரும்போது நம் நாடாளுமன்றக் குறிப்பேட்டில் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் ஏற்கெனவே அச்சாகி இருக்க வேண்டும். வில்னியஸ்காரர்கள் கையில் இருந்தது போல.

தமிழ்நாட்டு எம்.பி. இதை ஏன் கேட்க வேண்டும் என்று கட்சியில் யாராவது கேட்டால், ஒன்று சொல்லுங்கள். நாடு கடந்த திபெத்திய நிர்வாகத்தின் தலைவராக 2021-ல் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பென்பா செரிங், பைலகுப்பேயில் பிறந்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். தாம்பரத்து ரயிலில் நம் பிள்ளைகளோடு போய் வந்தவராக இருப்பார். அதே சென்னையில்தான், 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது, கொடி பிடித்த திபெத்திய மாணவர்களைப் பிடித்து அடைத்தோம்.

கடைக்கார அக்காவிடம் இந்தக் கடிதம் எழுதப்போவதைச் சொன்னேன். அவர் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து பச்சை அட்டை போட்ட ஒரு சிறு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். திபெத்தியர்கள் தங்கள் நிர்வாகத்துக்கு வருடா வருடம் கட்டும் தொகைக்கான கணக்கு அது. கட்டினால்தான் ஓட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. ஸ்வெட்டர் விற்ற காசு. ‘எங்களுக்கும் எம்.பி. இருக்கிறார் தம்பி, நாற்பத்தைந்து பேர்’ என்றார். பிறகு, ‘உங்க எம்.பி. நல்லவரா?’ என்று கேட்டார். நல்லவர் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

தை மாதக் கடைசி வரை கடை இருக்கும். நீங்கள் ஊருக்கு வரும்போது ஒரு சாயங்காலம் வாருங்கள், நானும் கூட வருகிறேன். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் மூன்றாவது கடை. தலாய் லாமா படத்துக்கு வெள்ளைத் துண்டு போட்டிருப்பார்கள், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பேத்தி இருந்தால் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளன்