பூம்பாறைக்கு ஒரு டார்ச்

கோத்தகிரி
மார்கழி 12

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பூண்டு வயலுக்குக் காட்டெருமை இறங்குகிறது, வயலின் அந்தக் கடைசி வரை அடிக்கிற, கைக்குள் அடங்குகிற ஒரு டார்ச் சொல் என்று கேட்டிருக்கிறாய். கூடவே ‘1,00,000 லூமன்’ என்று ஒரு விளம்பரத்தையும் வெட்டி வைத்திருக்கிறாய். அதை முதலில் அடுப்பில் போடு.

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எந்தப் பக்கம் போகிறது என்று அந்த எண் சொல்லாது. வீட்டுக்கூடத்தில் தொங்கும் பல்புக்கும் லூமன் உண்டு, அதை வைத்து எதிர்மேட்டைப் பார்க்க முடியுமா? தூரத்துக்குப் பார்க்க வேண்டியது கேண்டலா, அதாவது ஒரே திசையில் எவ்வளவு செறிவாக அடிக்கிறது என்பது. பெட்டியில் மீட்டரில் போட்டிருக்கும் தூரமும் அதிலிருந்து வருவதுதான். கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கு: 40,000 கேண்டலா என்றால் 400 மீட்டர். ஆனால் அந்த 400-வது மீட்டரில் விழுவது கால் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), ஏறக்குறைய பௌர்ணமி நிலவின் வெளிச்சம். நிலவில் உன் காலடியில் கிடக்கும் மண்வெட்டி தெரியும். 400 மீட்டர் தள்ளி சோலை ஓரத்தில் நிற்கும் கறுத்த மாடு தெரியாது. அதனால் பெட்டியில் போட்ட தூரத்தைப் பாதியாக்கு, காட்டெருமைக்கு இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்.

உன் வயலுக்கே போட்டுப் பார்ப்போம். காவல் கொட்டகையிலிருந்து சோலை ஓரம் 150 மீட்டர் என்று எழுதியிருக்கிறாய். கேண்டலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அங்கே விழும் லக்ஸ் வரும். 150-இன் வர்க்கம் 22,500. காட்டெருமையின் கறுத்த தோல் வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்பதால் இரண்டு லக்ஸாவது வேண்டும் என்று வைத்துக்கொள். 45,000 கேண்டலா. பெட்டியில் 420 மீட்டருக்கு மேல் போட்டிருந்தால் சரி. ஒரு கிலோமீட்டர் அடிப்பதாகச் சொல்லும் லேசர் வகை உனக்கு வேண்டாம். குச்சி மாதிரி ஒரு கோடு போகும், சுற்றி ஒன்றும் தெரியாது, அதை வைத்துக்கொண்டு வரப்பில் நடக்க முடியாது.

இந்த 45,000 எங்கிருந்து வருகிறது? எல்.ஈ.டி.யின் பொட்டு சின்னதாக, பளிச்சென்று இருக்க வேண்டும். முன்னால் ரிஃப்ளெக்டர் அகலமாக, ஆழமாக, வழுவழுவென்று இருக்க வேண்டும். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பானது வெளிச்சத்தைப் பரப்பும், பக்கத்து வேலைக்கு நல்லது. தலையின் விட்டத்தை இரட்டித்தால் தூரம் இரட்டிக்கும். அதனால்தான் சட்டைப்பை டார்ச்சில் தூரம் கேட்டால் ஒரு எல்லைக்கு மேல் கிடைக்காது. 40 மி.மீ. தலை, உள்ளே ஒரே எல்.ஈ.டி., இது போதும். ஒரே தலைக்குள் நாலைந்து எல்.ஈ.டி. வைத்தது லூமனை ஏற்றிக் காட்டும், தூரம் போகாது. முன்னும் பின்னும் இழுக்கிற ஜூம் டார்ச்சும் வேண்டாம். குவிக்கும்போது பக்கத்து வெளிச்சம் குழலுக்குள்ளேயே வீணாகும், நகரும் தலை வழியே நம் ஊர் ஈரமும் உள்ளே போகும்.

அதிகபட்ச வெளிச்சம் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அவ்வளவு சின்ன உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது, தானாகவே இறங்கிவிடும். வெளிச்சம் கால்பங்கு ஆனால் தூரம் பாதி ஆகும் என்பதை வைத்து, இறங்கிய பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்து வாங்கு. பெட்டியில் உள்ள ‘மூன்று மணி நேரம்’ என்பதும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகத் தேயும்வரை எண்ணியது.

பேட்டரியில்தான் பெரிய ஏமாற்று. மூணு கட்டை டார்ச் காலம் போய் இப்போது லித்தியம் செல். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், 21700 என்றால் 21-க்கு 70. உனக்கு 21700 எடு, 5,000 எம்.ஏ.எச். (செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) வரை நிஜமாகவே கிடைக்கும். 18650-இல் நல்ல செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கும். 9,900 என்று அச்சடித்திருந்தால் பொய். நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்: நல்ல 18650 சுமார் 45 கிராம், 21700 சுமார் 70 கிராம். 30 கிராம் காட்டினால் திருப்பிக் கொடு. பாதுகாப்பு மின்சுற்று வைத்த செல் சில மில்லிமீட்டர் நீளம் கூடும். சில டார்ச்சில் அது நுழையாது, திருகி அழுத்தினால் ஸ்பிரிங் நசுங்கும்.

உறைபனி விழும் ராத்திரியில் இதைக் கவனி. செல் குளிர்ந்தால் சக்தி குறையும், அதனால் ஸ்வெட்டருக்கு உள்ளே வைத்துக்கொள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும், ஆபத்தும்கூட. வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு மணி நேரம் விட்டுப் போடு. அப்போது கண்ணாடி உள்பக்கம் வேர்த்தால் ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பின்மூடியைக் கழற்றி ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தைப் பார், துடைத்துவிட்டுச் சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவு. வெளிச்சம் துடித்தால் பாதி நேரம் மரையில் படிந்த அழுக்குதான் காரணம்.

இனி மூடுபனி. எவ்வளவு பணம் போட்டாலும் அதைத் துளைக்கும் டார்ச் கிடையாது. பனித்துளியில் பட்டு வெளிச்சம் உன் கண்ணுக்கே திரும்பி, முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் நிற்கும். ஏற்ற ஏற்றச் சுவர்தான் கெட்டியாகும். டார்ச்சைக் கண்ணிலிருந்து விலக்கி, கையை நீட்டி, இடுப்புக்குக் கீழே பிடி. வெளிச்சத்தைக் குறை. இதனால்தான் மஞ்சில் நெற்றி விளக்கு உதவாது. மஞ்சள் காகிதம் ஒட்டுவதும் வீண். மூடுபனியின் துளிகளுக்கு எல்லா நிறமும் ஒன்றுதான். ஆனால் தெளிந்த இரவில் நிறம் முக்கியம், அதைக் கெல்வினில் போட்டிருப்பான்: 6,500 கெல்வின் நீல வெள்ளையைவிட 5,000-இல் மண், மாடு, புதர் மூன்றும் பிரிந்து தெரியும். தூரம் அடிக்கும் டார்ச்சில் அது கிடைப்பதுதான் கஷ்டம், கிடைத்தால் விடாதே.

வாங்கியதும் ராத்திரியில் சோதித்துவிடு. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியைப் போடு. கைபேசியை அலமாரியில் நிறுத்தி, சரியாக 5 மீட்டர் அளந்து நின்று, நடுப்பொட்டு சென்சாரில் படும்படி அடி. 30 விநாடி கழித்து வரும் எண்ணை 25-ஆல் பெருக்கினால் கேண்டலா. உனக்கு 1,800 லக்ஸ் வர வேண்டும். கைபேசி துல்லியமாகச் சொல்லாது, 1,500 காட்டினாலும் சண்டைக்குப் போகாதே. 400 காட்டினால் போ.

மாட்டின் கண்ணில் நேராக அடிக்காதே, பக்கத்துத் தரையில் அடி. மினுக்குகிற முறையும் வேண்டாம், மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. சோலைக்குள் விட்டுத் துழாவவும் வேண்டாம். வேட்டைக்கு வந்தவன் என்று வனத்துறைக்காரர் நினைத்தால் அவர் மேல் தப்பில்லை.

இங்கே தேயிலைக்குள் கரடி நடமாட்டம் இருக்கிறது, அந்திக்குப் பிறகு யாரும் குறுக்குப் பாதையில் போவதில்லை. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். வாங்குவதற்கு முன்னால் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, கேண்டலா எவ்வளவு போட்டிருக்கிறான் என்று பார்த்துச் சொல்கிறேன்.

உன்
ராமன்