'பீதி வேண்டாம்' என்றால் போதுமா?

ஆசிரியருக்கு,

நெருக்கடி நேரத்தில் தலைவர்கள் 'பீதி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால், மறுநாள் காலையே வங்கி வாசலில் வரிசை நீளும். 1933 மார்ச் 12 இரவு வானொலியில் பேசிய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், மக்கள் போட்ட பணத்தை வங்கி தன் பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் கடன் பத்திரங்களாகவும் சுழல விடுகிறது என்று முதலில் விளக்கினார். பிறகு, மூடிக் கிடந்த வங்கிகளில் எவை திங்களன்று திறக்கும், எவை செவ்வாயன்று என்று வரிசையாகச் சொன்னார். திறந்ததும் மக்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். இன்றைய அறிக்கைகளில் பெரும்பாலும் காணாமல் போவது இந்தக் கிழமையும் தேதியும்தான். நிதியமைச்சர் ஒரு கணக்கும் மத்திய வங்கி வேறு கணக்கும் சொன்னால் இரண்டையுமே யாரும் நம்பமாட்டார்கள். எவ்வளவு எடுக்கலாம், எந்த நாள் வரை, அடுத்த அறிவிப்பு எப்போது ஆகியவை அறிக்கையின் முதல் பத்தியிலேயே வர வேண்டும்; ஆறுதல் வார்த்தை அப்புறம்.