சாவியைக் கொடுப்பதற்கு முன்

வேதாரண்யத்துக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற எங்கள் ஊரில், இல்லாதபோது அரிசி பருப்பு வாங்கிப் போய் முடிந்தபோது திருப்பித் தருகிற கைமாத்து அறைக்கு இந்த ஏழு வருடமாக உதவிய எல்லோருக்கும் வணக்கம். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த மாதத்தோடு அறைச் சாவியை இளையவர்களிடம் ஒப்படைக்கிறேன். அதற்கு முன் சிலருக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு இருந்த இடத்தில் வெறும் வானம். ஊரே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தது. நூறு பிள்ளைகளுக்கு உலை வைத்துப் பழகிய கை, அன்றைக்கு அறுநூறு பேருக்கு வைத்தது. வீட்டுக்கு வீடு நனைந்த அரிசியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே அண்டாவில். பாதி குழைந்தது, பாதி வேகவில்லை. அந்தச் சோற்றை முகம் சுளிக்காமல் சாப்பிட்ட என் ஊர்க்காரர்களுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்து, மதுரையிலிருந்து உதவிக்கு வந்த தம்பிகள். நிவாரண லாரிகள் எல்லாம் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டன. அங்கே மறித்து வாங்கிக்கொண்டவர்களையும் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் கூரை இல்லை. உள்ளே இருந்த எங்களுக்கு வழி முழுக்க மரம். சிக்னல் கிடைக்கிற இடம்வரை நடந்து போய்ப் பேசிய பையனிடம் அந்தத் தம்பிகள் கேட்டது ஒரே கேள்வி: "என்ன வேணும்னு அக்காகிட்ட கேட்டுச் சொல்லுங்க." நான் சொன்னது, காய்ந்த விறகு. ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்து கிடக்கிற ஊரில் அடுப்பெரிக்க ஒரு சுள்ளி கிடையாது, எல்லாம் பச்சை. மறுநாள் சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி நிறைய விறகும், மரம் அறுக்கிற மெஷினும், பெண்களுக்கு நாப்கினும் வந்து இறங்கின. நாப்கினை நாங்கள் கேட்கவில்லை, கேட்கக் கூச்சம். அவர்களாகவே யோசித்திருக்கிறார்கள்.

கிழிந்த துணி மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போனவர்களும், ஒரு ரொட்டிப் பாக்கெட்டை நாலு பேர் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தவர்களும் வந்தார்கள். அவர்களைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

கேரளத்திலிருந்து டெல்டாவுக்கு வந்த மின்வாரிய ஊழியர்களையும், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டவர்களையும் மறக்க முடியாது. அந்த ஆகஸ்டில்தான் கேரளத்து வெள்ளத்துக்கு எங்கள் ஊரிலிருந்து தேங்காய் மூட்டை கட்டி அனுப்பியிருந்தோம்.

ஆனால் பசி உண்மையில் வந்தது மூன்றாம் மாதம். அதை வெளியில் இருந்தவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டமாக இருந்தது. தமிழ்நாட்டில் 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம், பிறகென்ன பசி என்பார்கள். அரிசி இருந்தது, குழம்பு இல்லை. தேங்காய் உரிக்கிறவர்களுக்கும் கீற்று முடைகிற பெண்களுக்கும் வேலை போயிற்று, தென்னம்பிள்ளை வைத்துக் காய் காண வருடங்கள் ஆகும். உப்பளத்தில் கடல் சேறு ஏறிக் கிடந்தது. ரேஷனில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பும் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் கிடைக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது எத்தனை நாளைக்கு? சோற்றில் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுக் கொடுத்தே பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். மதியம் தட்டில் சாம்பார் விழும்போது ஒவ்வொரு பிள்ளையும் பார்க்கிற பார்வையில் எந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். நாலு பேருக்குச் சோறு போட்ட கை. அதனால்தான் உணவு வங்கி, தானம் என்றெல்லாம் பெயர் வைக்காமல் கைமாத்து அறை என்று வைத்தோம். பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்கு பருப்பு கைமாத்து வாங்குவதில் இங்கே யாருக்கும் வெட்கமில்லை. முடிந்தபோது திருப்பலாம், முடியாவிட்டால் யாரும் கேட்க மாட்டோம். நோட்டில் பொருளும் அளவும் மட்டும்தான், பெயர் கிடையாது.

அந்த அறை ஒரு தேங்காய்க் கிடங்கு. போட்டு வைக்கத் தேங்காயில்லை, எடுத்துக்கோ ஆத்தா என்று சாவியை நீட்டிய மாமாவுக்கும், பருப்பு, புளி, எண்ணெய், மிளகாய்த்தூள் என்று எட்டு மாதம் கடனுக்கே அனுப்பி, கணக்குக் கேட்டால் "பொறவு பாத்துக்கலாம் டீச்சர்" என்று பேச்சை மாற்றிய மளிகைக்கடை பாய்க்கும் என்ன சொல்வது! (நான் டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் கேட்டதில்லை.) தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொட்டிய பெண்களால்தான் ரேஷன் கார்டு தொலைந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். திரும்பி வந்த கைமாத்தும் விதவிதமாக வந்தது. முருங்கைக்கீரை, கோழிமுட்டை, கருவாடு, ஒரு நாள் ஒரு முழம் முல்லைப் பூ. பூவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நோட்டு எழுதுகிற பெண் கேட்டாள். நீ வச்சுக்கோ என்றேன்.

2020 ஊரடங்கில் அறை மறுபடி நிறைந்தது. வயலில் ஆட்டுக்கிடை போட வந்திருந்த ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளோடு மாட்டிக்கொண்டார்கள், கார்டு சொந்த ஊரில். மூன்று குடும்பம் இரண்டு மாதம் நம் அறையில்தான் வாங்கிச் சமைத்தது. மறுவருடம் அதே அண்ணன் ஒரு சாக்கு குண்டு மிளகாயோடு வந்து இறங்கினார். அந்தக் காரம் இன்னும் தீரவில்லை.

இப்போது வைத்த தென்னை காய்க்கத் தொடங்கியிருக்கிறது, உப்பளத்திலும் வேலை நடக்கிறது. ஆனாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழையில் உப்பு வேலை கிடையாது. அந்த மூன்று மாதமும் அறை திறந்திருக்கும் என்று பிள்ளைகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மதுரைத் தம்பிகளுக்கு ஒரு விஷயம். நீங்கள் கொண்டுவந்த பாத்திரங்களைத் திருப்பி அனுப்பியபோது ஒரு பெரிய அன்னக்கரண்டி தவறி இங்கேயே தங்கிவிட்டது. காம்பில் இரண்டு எழுத்து வெட்டியிருக்கிறது. யார் வீட்டுக் கரண்டியோ, அந்த அம்மா தேடிக்கொண்டிருப்பார்கள். வந்து எடுத்துக்கொண்டு போங்கள். முன்கூட்டியே ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள், மீன் வாங்கி வைக்க வேண்டும்.