பழைய எம்பிராய்டரி மிஷினுக்கு உதிரிபாகம் எங்கே?

ஆசிரியருக்கு,

கோத்தகிரியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் பழசு, டிசைனை 1.44 எம்பி ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்ளும், ஆனாலும் தையல் இன்றைக்கும் சுத்தமாக விழுகிறது. மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஊசித்தட்டுக்குக் கீழே பஞ்சுத்தூசி அப்பிக்கொள்ளும், அடிநூல் உருளை இருக்கும் பாபின் கேஸைக் கழற்றி பிரஷ்ஷால் எடுத்துவிட்டால் சரி (வாயால் ஊதாதீர்கள், அந்த ஈரமும் உள்ளேதான் போகும்). உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனால்தான் தலைவலி. கோயம்புத்தூர் வரை தூக்கிக்கொண்டு போனால், கவரைக்கூடத் திறக்காமல் "பார்ட்ஸ் வர்றதில்லை, புதுசு வாங்கிக்கங்க" என்கிறார்கள். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியதே, செல்போன், கார், டிராக்டரோடு நிற்காமல் தையல் மிஷின் கம்பெனிகளும் விற்பனை நின்ற பிறகு பத்து வருஷமாவது உதிரிபாகம் தரவேண்டும் என்று சட்டமே போடட்டும்.

- வாசகி, கோத்தகிரி