மடுவத்துக்கு வந்து பாருங்கள்

தேசிய தொழில் தகைமைக்கான மதிப்பீட்டை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 14 வருடமாகப் பிள்ளை பார்க்கிறவள். கடிதங்களில் நான் வேலை செய்யும் இடத்துக்குச் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர். என் அம்மா காலத்தில் பிள்ளைக் காம்பரா என்பார்கள். எங்கள் வாயில் அது பிள்ளை மடுவம்.

போன வருடம் என்.வி.கியூ. என்கிற இந்தத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டேன். வகுப்புக்குப் போகாதவர்களும், இத்தனை காலம் செய்த வேலையைக் காட்டித் தகைமை பெறலாம், அதற்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். செய்த வேலைக்கும் மதிப்பு உண்டு என்று அரசாங்கமே சொல்கிறதே என்று நினைத்தேன்.

மதிப்பீடு டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். மேசையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் ஒரு பேசினும் வைத்திருந்தார்கள். குளிப்பாட்டிக் காட்டச் சொன்னார்கள். ஆறு மாதப் பிள்ளை உடம்பில் தண்ணீர் பட்டதும் முதுகை வளைத்து எம்பும். அந்த எம்பலுக்கு இடம் கொடுத்துக் கழுத்தடியில் கையை வைத்துப் பிடிக்கத்தான் எனக்குத் தெரியும். எம்பாத பொம்மையை எப்படிப் பிடிப்பது என்று என் கைக்குத் தெரியவில்லை.

கேள்விகள் சிங்களத்தில் வந்தன. பக்கத்தில் இருந்த ஒருவர் பாதியைத் தமிழில் சொன்னார். கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம்தான் எனக்கு வரும். பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். "முதுகில் தட்டுவேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஒருநாள் பத்து மாதப் பிள்ளைக்கு ரொட்டித்துண்டு அடைத்து உதடு நீலமாகிப் போனது. தலை தாழும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் தட்டினேன். ஐந்து தட்டு, அதற்கும் வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து என்று மிட்வைப் மிஸ் சொல்லித் தந்திருந்தார். நான்காவது தட்டில் துண்டு வெளியே விழுந்தது. தமிழில் கேட்டிருந்தால் இதையெல்லாம் செய்தே காட்டியிருப்பேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. அந்த மண்டபத்தில் அது யாருக்கும் நினைவில் இருக்கவில்லை.

'இன்னும் தேர்ச்சி பெறவில்லை' என்று முடிவு வந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நேரத்தை ஏன் எழுதி வைக்கவில்லை என்று மதிப்பீட்டாளர் கேட்டது சரியான கேள்வி. அன்றிலிருந்து ஒரு கொப்பியில் எழுதுகிறேன். எத்தனை மணிக்குச் சுட்டது, தாய்க்கு எப்போது ஆள் அனுப்பினேன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதனால் மதிப்பீட்டை இலகுவாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் இடத்தில் கண்டிப்பு வேண்டும்.

நான் வேலை செய்யும் இடத்தில் வைத்து என்னைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் தாய்மார் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போவார்கள். பனிக்குளிரில் வந்த பிள்ளையின் ஈரச்சட்டையை மாற்றி, காலில் அட்டை கடித்திருக்கிறதா என்று பார்த்து, சுடுதண்ணீர் வைத்து, ஏணையில் கிடப்பதையும் ஆட்டி, எட்டுப் பத்துப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஒரு கண்ணில் வைத்திருக்கவேண்டும். குடித்துவிட்டு வந்து பிள்ளையைத் தா என்று நிற்கிற தகப்பனிடம் கொடுக்காமல், சண்டையும் வராமல் சமாளிக்கவேண்டும். ஒரு பிள்ளையின் தொடையில் காயத்தைக் கண்டு சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழைப்பதா என்று ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறேன். மறுநாள் காலை அழைத்தேன். இதையெல்லாம் மண்டபத்து மேசையில் எப்படி வைத்துக் காட்டுவது?

சான்றுக் கோவை கொண்டுவரச் சொல்கிறீர்கள். எங்கள் சான்று சுவரில் தொங்கும் வருகை இடாப்பிலும், மாதா மாதம் எடை நிறுத்துக் குறிக்கிற அட்டையிலும், மத்தியானம் பால் கொடுக்க ஓடிவருகிற தாய்மாரின் வாயிலும் இருக்கிறது. அவற்றையும் சான்றாக எடுங்கள். தமிழில் பேசுகிற மதிப்பீட்டாளரை அனுப்புங்கள். எழுதக் கஷ்டப்படுகிறவர்களிடம் வாயால் கேளுங்கள். அன்றைக்கு எனக்குப் பதிலாக ஆள் வைப்பது பற்றித் தோட்டத்தோடு நீங்களே பேசுங்கள். நாங்கள் கேட்டால் 'பார்ப்போம்' என்பார்கள்.

சான்றிதழ் கையில் இல்லாததால் எங்கள் பிள்ளைகள் கொழும்பில் வீடுகளில் குழந்தை பார்த்தாலும் வேலைக்காரி என்றுதான் பெயர், சம்பளமும் அதற்கேற்றபடிதான். என் தங்கை மகள் அப்படித்தான் இருக்கிறாள். அவளும் என் மடுவத்தில் வளர்ந்தவள்தான்.

நான் மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறேன். வருவதாக இருந்தால் கொழுந்து அதிகமாக உள்ள நாளில் வாருங்கள், அன்றைக்குத்தான் மடுவம் நிறைந்திருக்கும். பஸ் நிற்கிற சந்தியிலிருந்து மேலே ஏற அரை மணித்தியாலம் ஆகும். குடை கொண்டுவாருங்கள். ஏழு மணிக்கு முன்னரே வந்துவிட்டால் பிள்ளைகள் வந்து இறங்குவதையும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் ஒருத்தி